முதலாம் வகுப்பின் டிசம்பர்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, வைத்தியத் துறைக்குப் போன பிள்ளை என்பதால் ஆய்வுகூடத்தைப் பற்றியும் உயர்தர வகுப்பைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவற்றுக்கு நான் கடமைப்பட்டவள்தான். என்றாலும் இந்தப் பாடசாலையில் நான் கழித்த வருடங்களைத் திரும்பிப் பார்க்கும்போது மனம் போய் நிற்கும் இடம் முதலாம் வகுப்பு. அதிலும் டிசம்பர் மாதம். நத்தார் விடுமுறைக்கு முந்திய இரண்டு வாரங்கள்.

அந்த இரண்டு வாரங்களில் ஒரு முதலாம் வகுப்பு டீச்சர் என்னென்ன செய்கிறார் என்பதை நான் இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை 1987இல், ஆறு வயதில், மேசைக்கு இந்தப் பக்கம். அடுத்தது 2000இல், பத்தொன்பது வயதில், மேசைக்கு அந்தப் பக்கம். இரண்டு தடவையும் டீச்சர் ஒருவரே. அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் முதலாம் வகுப்பு டீச்சரின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உரை மலரில் அச்சாகி வெள்ளவத்தைக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போகும் என்று சொன்னார்கள். ஆகவே இடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திவிடுகிறேன். கிராண்ட்பாஸ் என்ற பெயர் களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வருவது. பக்கத்துத் தொட்டலங்கையின் பெயரிலும் அதே துறை இருக்கிறது. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை. மழைக்காலத்தில் வானொலியில் நாகலகம் வீதி நீர்மட்டம் இத்தனை அடி என்று அறிவிப்பார்களே, அது நம்முடைய நாகலகம் வீதிதான். நாங்கள் முதலில் கேட்டுப் பழகிய புவியியல் பாடம் அது.

எங்கள் வகுப்பில் சென் ஜோசப் வீதிப் பிள்ளைகள், லேயார்ட்ஸ் புரோட்வேப் பிள்ளைகள், ஆமர் வீதி, புளூமெண்டால், மட்டக்குளிப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். புறக்கோட்டையில் சொந்தக் கடை வைத்திருந்தவரின் மகளும், அதே கடைத்தெருவில் மூட்டை சுமந்த நாட்டாமையின் மகளும் ஒரே வாங்கில் இருந்தார்கள். ஒரு நெற்றியில் திருநீறு இருக்கும், அடுத்த கழுத்தில் சிலுவைச் சங்கிலி இருக்கும், அதற்கு அடுத்தவள் வெள்ளிக்கிழமை மருதாணிக் கையோடு வருவாள். 42 பேர். தவணைப் பரீட்சை முடிந்து, பாடம் முடிந்து, விடுமுறை இன்னும் தொடங்காத நாட்களில் இந்த 42 பேரையும் ஓர் அறைக்குள் வைத்திருப்பது என்னவென்று பெற்றோராகிய உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கும் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

1987 எப்படிப்பட்ட வருடம் என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 21இல் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கேட்டது. ஜூலையில் இலங்கை - இந்திய ஒப்பந்தம். அதை ஒட்டிக் கலவரமும் ஊரடங்கும். நவம்பர் 9இல் மருதானையில் மீண்டும் ஒரு குண்டு. அதற்கு ஒரு மாதம் கழியும் முன்னே எங்கள் டீச்சர் வகுப்பறைக்கு நத்தார் சோடனை போடத் தொடங்கினார்.

மற்ற வகுப்புகளில் பலூன் கட்டினார்கள். எங்கள் வகுப்பில் பலூன் இல்லை. வண்ணக் கடதாசிச் சங்கிலி, பிறிஸ்டல் போர்ட்டில் வெட்டிய நட்சத்திரம், பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி எல்லாம் இருந்தன. பலூன் மட்டும் இல்லை. எங்களுக்கு மிகுந்த மனக்குறை. பதின்மூன்று வருடம் கழித்து நான் அவருக்கு உதவிக்குப் போன டிசம்பரிலும் பலூன் இல்லை. ஏன் என்று கேட்டேன். "வெடிச்சா எத்தனை பிள்ளையள் மேசைக்குக் கீழ போகும் எண்டு உமக்குத் தெரியாது, பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றார். 1987இல் ஒரு பலூன் வெடித்து அதை அவர் பார்த்திருக்கிறார். நாங்கள் அதை மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை.

ஒரு முதலாம் வகுப்பு டீச்சருக்கு டிசம்பர் என்றால் என்ன? ஜனவரியில் பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை இப்போது வாசிக்கிறது. கண்ணில் படுவதை எல்லாம் வாசிக்கிறது. பஸ் பலகை, கடைப் பெயர், பிஸ்கட் பெட்டி, சுவரொட்டி ஒன்றையும் விடாது. அதே மாதத்தில் முன்பல் இரண்டும் விழுந்திருக்கும். ஆறு வயதில் பால் பல் விழும் காலமும் ஒளிவிழாவும் ஒன்றாக வருவதால், முதலாம் வகுப்புத் தேவதைகளில் பெரும்பாலானோர் பொக்கை வாய்த் தேவதைகள். "சமாதானம்" என்ற சொல் வரும் பாட்டைத் தெரிவு செய்துவிட்டு டீச்சர் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது.

தேவதைகளுக்கு உடுப்புத் தைக்கச் சொல்லி அவர் எந்த வீட்டுக்கும் துண்டு அனுப்பவில்லை. நாங்கள் அணிந்து வந்த வெள்ளைச் சீருடையே தேவதை உடுப்பு. இறகு கடதாசியில். இலவசச் சீருடைத் துணி 1993இல்தான் வந்தது. 1987இல் அந்த ஒரு வெள்ளைச் சட்டையை வாங்கவே சில வீடுகள் கடன்பட்டிருந்தன. இதையெல்லாம் அன்று நாங்கள் அறியோம். எல்லோரும் ஒரே மாதிரித் தேவதைகளாக நின்றோம், அவ்வளவுதான்.

இவ்வளவு கவனமான டீச்சர் அந்த வருடம் ஒரு விடயத்தில் தவறினார். நானும் தவறினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடைசி வாரத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றும் விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுப்போம்; அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குப் பரிசு கொண்டுவர வேண்டும். பத்து ரூபாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. என் பெயர் என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு விழுந்தது. ஒரு கிழமையாக அவள் அதை என்னிடம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று எனக்குக் கிடைத்த பொதி பத்திரிகைத் தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு சந்தனச் சவர்க்காரக் கட்டி. நான் எழுந்து நின்று, வகுப்பு முழுவதும் கேட்க, "ஐயே, இது குளிக்கிற சவுக்காரம்! இதெல்லாம் ஒரு பரிசா?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மேசையில் இருந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் என்னை ஏசவில்லை. அடுத்த பொதியைப் பிரிக்கச் சொன்னார். வீடு போகும் மணி அடித்த பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். "கையைக் காட்டுங்கோ" என்றார். கை முழுவதும் பசையும் மினுக்குத் தூளும். வெளியில் இருந்த குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சவர்க்காரத்தின் தாளைப் பிரித்து, என் இரண்டு கையையும் மெதுவாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். பிறகு என் கையை என் மூக்கருகே பிடித்து, "வாசமாயிருக்கு, என்ன?" என்றார். ஓம் என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாளும் அதுவே. டீச்சர் அவளுடைய அறிக்கையை ஒரு கடித உறையில் போட்டு என் அம்மாவிடம் கொடுத்து, "உங்கட வீட்டுக்குப் போற வழிதான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்திட்டுப் போங்கோ" என்றார்.

அவர்கள் இருந்தது ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: மரம் செடி கிடையாது, ஒரே சுவரைப் பகிர்ந்த ஒற்றை அறை வீடுகளின் வரிசை, எல்லோருக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் அவளுடைய அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது துணி தோய்க்கும் சவர்க்காரத்தின் ஒரு துண்டு. எங்களைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்து, உள்ளே கூட்டிப் போய் பிளேன்ரீ தந்தார். என் தோழி அறிக்கையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆறு வயதில் எனக்கு அந்தக் குழாயடிக் காட்சி விளங்கவில்லை. விளங்க ஆறேழு வருடம் பிடித்தது. வீட்டில் யாரும் பாவிக்காத ஒன்றை, இருந்தவற்றில் மிக நல்லதை, அவள் எனக்குக் கொண்டுவந்திருந்தாள்.

ஜனவரியில் அவள் பாடசாலைக்கு வந்தாள். என்னோடு பேசினாள், விளையாடினாள். சில வருடங்கள் கழித்து அவர்கள் வீடு மாறிப் போனார்கள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இனி 2000ஆம் ஆண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலம். இலங்கையில் அந்தக் காத்திருப்பு எத்தனை நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருக்காதே என்று அம்மா அனுப்ப, பழைய டீச்சருக்கு உதவியாக இரண்டு வாரம் முதலாம் வகுப்புக்குப் போனேன். 1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் தொடங்கியிருந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று நாள் பிரிந்திருந்தது. வாங்குகள் போய்ச் சின்ன நாற்காலிகள் வந்திருந்தன. டீச்சரின் முடியில் நரை வந்திருந்தது. டிசம்பர் மட்டும் மாறவில்லை.

நான் போன முதல் நாளே அவருக்குக் குரல் இல்லை. ஒளிவிழாப் பாட்டுப் பழக்கிப் பழக்கித் தொண்டை அடைத்துவிட்டது. வருடந்தோறும் டிசம்பரில் இப்படித்தான் என்றார், சைகையில். 41 பிள்ளைகள் பேசும் அறையில் அதற்கு மேலே ஒரு குரல் நாள் முழுவதும் எழும்ப வேண்டும் என்றால் குரல் நாண்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். உரசி உரசி அவற்றில் முடிச்சு விழும். அவருக்கும் விழுந்தது. ஆசிரியைகளுக்கு இது தொழில் நோய். நாங்கள் அதைக் 'குரல் கட்டியிருக்கிறது' என்று சொல்லிச் சுக்குத் தண்ணீரோடு விட்டுவிடுகிறோம்.

பரிசு மாற்றும் விளையாட்டு இருக்கவில்லை. 1988இலேயே நிறுத்திவிட்டார் என்று அறிந்தேன். என்னால்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உடனே, கட்டிய குரலில், "பிழை என்ர. ஆறு வயசுப் பிள்ளையின்ர கையில விலை பாக்கிற வேலையை நான்தான் குடுத்தனான்" என்றார். பதின்மூன்று வருடமாக நான் சுமந்த ஒன்றில் பாதியை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

பிறகு, அவர் அந்த வேலையைப் பிள்ளைகளின் கையிலிருந்து எப்படி எடுத்திருந்தார் என்பதை இரண்டு வாரமும் பார்த்தேன்.

வாழ்த்து மடல் செய்யும் நாள். "அம்மாவுக்கு ஒரு கார்ட் செய்யுங்கோ" என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்கு விருப்பமான ஆளுக்குச் செய்யுங்கோ" என்றார். கிராண்ட்பாஸில் ஒரு வகுப்பில் எத்தனை அம்மாமார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதை அறிந்தவர் அவர். அந்தப் பிள்ளைகளின் அம்மம்மாமாரிடம் நவம்பரிலேயே முகவரி வாங்கி வைத்திருந்தார். நான் உறையில் முகவரிகளை எழுதினேன். தபால் செலவு அவருடைய கைப்பையிலிருந்து போனது. ஒரு பிள்ளை அப்பாவுக்குச் செய்திருந்தாள். அப்பா தடுப்புக் காவலில். டீச்சர் அதையும் உறையிலிட்டு, பிள்ளையின் பெயரை மேலே எழுதி, கூப்பிட வந்த பாட்டியிடம், "பாக்கப் போகேக்க கொண்டு போங்கோ" என்று கொடுத்தார்.

விருந்து நாள் வந்தது. அந்த வருடம் ரமழான் நோன்பு நவம்பர் இறுதியில் தொடங்கியிருந்ததால் தவணையின் கடைசி வாரம் நோன்பு நாட்களில் விழுந்தது. வகுப்பில் ஐந்து முஸ்லிம் பிள்ளைகள். அதில் இரண்டு பேர் அரை நோன்பு பிடித்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார்கள். அவர்களுக்கு மட்டும் பங்கை எடுத்து வைக்கலாம் என்று நான் சொன்னேன். டீச்சர் தலையை ஆட்டினார். பழைய கலண்டர்த் தாளில் 41 பைகள் ஒட்டச் சொன்னார். பிள்ளைகளே ஒட்டினார்கள். கேக், பட்டிஸ், ரொபி எல்லாம் 41 பையிலும் சமமாகப் போயின. அன்று வகுப்பில் யாரும் சாப்பிடவில்லை. பாடினோம், நாற்காலிச் சுற்று விளையாடினோம், பையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

மாலை நான் வீடு போகும் வழியில் ஒரு தோட்டத்து வாசலில், எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று, தம்பியும் தங்கையும் இரு பக்கமும் இருக்க, கேக் துண்டை மூன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. அன்று ஒரு முஸ்லிம் வீட்டில் நோன்பு திறக்கும்போதும் அதே பை பிரிந்திருக்கும். நோன்பு பிடித்த இருவருக்காக என்று நான் நினைத்த ஏற்பாடு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

அந்தப் பண்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் ஓர் ஏற்பாடுதான். பிள்ளை கையில் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கொடுக்கக்கூடிய பெற்றோர் முதல் நாள் பிற்பகலில் வந்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள். எவர் என்ன தந்தார், எவர் ஒன்றும் தரவில்லை என்பது அலுமாரிக்கு மட்டுமே தெரியும். ஒரு நாள் காலையில் வரவு இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: "டிசம்பரில வராத பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நினைச்சுப்போடாதையும். என்னவோ கொண்டு வரச் சொல்லியிருப்பம்."

கடைசியாக அறிக்கைகள். 41 அறிக்கைகளையும் கையால் எழுதினார். 'மந்தம்', 'கவனமில்லை' என்ற சொற்கள் ஒன்றிலும் இல்லை. "எழுத்துக்களை அறிவாள். சொல்லாகச் சேர்க்க இன்னும் ஒரு தவணை தேவை" என்று எழுதுவார். அதை வாசிக்கும் தாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும். அறிக்கை கொடுத்த பிறகு, எல்லோரும் வீடு போன பாடசாலையில், இரண்டாம் வகுப்பு டீச்சரோடு இடாப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தார். பெயர் பெயராகச் சொன்னார். இவள் கரும்பலகைக்குக் கிட்ட இருக்க வேண்டும். இவளை இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், காதைப் பார்க்கச் சொல்லி வீட்டில் சொல்லியிருக்கிறேன். இவளுக்குக் காலைச் சாப்பாடு நிச்சயமில்லை. இவள் கெட்டிக்காரி, ஆனால் பிழை விட்டால் அழுவாள், அழ விடுங்கோ.

வைத்தியசாலையில் கடமை மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் கையளிக்கும் முறை ஒன்று உண்டு. கட்டில் கட்டிலாகப் போய், தாளில் எழுதியதையும் எழுத முடியாததையும் சொல்ல வேண்டும். மருத்துவ பீடத்தில் அதை எனக்குக் கற்பிப்பதற்கு முன்னரே நான் அதைக் கிராண்ட்பாஸில் ஒரு முதலாம் வகுப்பில் பார்த்திருந்தேன்.

இப்போது வைத்தியராக ஓரிரு சொல். டிசம்பர் மாதத்தில் எங்களிடம் வரும் சின்னப் பிள்ளைகளின் நோய்களில் பாதி பண்டிகைக்குரியவை. இறகிலிருந்து கழன்ற முத்து மூக்குக்குள் போயிருக்கும். மினுக்குத் தூள் கண்ணில் விழுந்திருக்கும். பட்டாசு கையைச் சுட்டிருக்கும். "இனிப்புத் தின்று தின்று ஆட்டம் போடுகிறாள்" என்று தாய்மார் சொல்வார்கள். சீனிதான் பிள்ளையைத் துள்ள வைக்கிறது என்பதை இதுவரை செய்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. நித்திரை குறைவது, தினசரி ஒழுங்கு குலைவது, எல்லாப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் பரபரப்பாக இருப்பது ஆகியவற்றைத்தான் நான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். எங்கள் டீச்சர் ஒளிவிழா வாரத்திலும் காலைக் கதை நேரத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வெளியில் மேடை கட்டும் சத்தம் கேட்கும். உள்ளே அவர் பாய் விரித்துக் கதை சொல்லுவார், குரல் இல்லாத நாளில் காதுக்குள் பேசுவது போல. அந்த நாட்களில் வகுப்பு மிக அமைதியாக இருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு சில வருடங்கள் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியவில்லை. ஒளிவிழா ஒரு மாதம், விடைபெறுதல் வேறொரு மாதம் என்றாயிற்று. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்த வருடக் கடைசியில் ஒரு பிறிஸ்டல் போர்ட் வாங்கப் பெற்றோர் இரண்டு முறை யோசித்தார்கள். முதலாம் வகுப்பு ஓடுவது பெரும்பாலும் கடதாசியில். கடதாசி விலை ஏறினால் அந்த ஏற்றம் முதலில் டீச்சரின் கைப்பையிலும், பிறகு பிள்ளையின் வரவு இடாப்பிலும் தெரியும்.

அந்த நெருக்கடிக் காலத்தில் நாங்களும் சும்மா இருக்கவில்லை. நான் சேர்ந்திருந்த ஓர் அமைப்பு வேறொரு பாடசாலையில் நூறு பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தது. நல்ல பைகள். பிள்ளைகளை மேடைக்குப் பெயர் சொல்லி அழைத்தோம். ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்தோம். அந்தப் படங்களில் ஒன்றில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் கையிலிருந்து பையை வாங்கும் சிறுமி கமராவைப் பார்க்கவில்லை. பையின் வாரைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது 1987இன் அந்த நூல்தான் நினைவுக்கு வந்தது. மீண்டும் அதே வேலையைச் செய்திருக்கிறேன். இந்தத் தடவை நல்ல எண்ணத்தோடு.

ஆகவே நூற்றாண்டுக் காலத்தில் நமது சங்கத்திடம் மூன்று சின்ன வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு வருடமும் நவம்பர் தொடங்குமுன் முதலாம் வகுப்புகளின் அலுமாரிகளை நிரப்பிவிடுவோம். பிறிஸ்டல் போர்ட், வண்ணக் கடதாசி, பசை, பென்சில், விருந்துக்கு ஒரு தொகை. கணக்கை டீச்சரிடம் விடுவோம். எந்தப் பிள்ளைக்கு எது போனது என்று கேட்க வேண்டாம். மேடை வேண்டாம், படம் வேண்டாம். அலுமாரிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, உயர்தரம் முடித்துக் காத்திருக்கும் தங்கைமார் இருவரை விடுமுறைக்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு முதலாம் வகுப்புக்கு அனுப்புவோம். கடதாசி வெட்டவும், முகவரி எழுதவும், பொக்கை வாய்த் தேவதைகளை வரிசையில் நிறுத்தவும் ஆள் வேண்டும். அவர்கள் அங்கே கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

மூன்றாவது, ஒவ்வொரு ஆரம்பப் பிரிவு டீச்சருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிவாங்கி ஒன்று. இது வைத்தியராக நான் எழுதித் தரும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்துக்கான செலவு என்னுடையது.

முடிக்குமுன் ஒரு தனிப்பட்ட வார்த்தை. இந்தப் பேச்சை அச்சில் தரச் சம்மதித்ததற்குக் காரணம் ஒருத்தி. 1987இல் முதலாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் அவளுடைய கைக்கோ, அவளுடைய பிள்ளைகளின் கைக்கோ போய்ச் சேரலாம். அந்தச் சந்தனச் சவர்க்காரம் எனக்குக் கிடைத்த பரிசுகளில் மிக நல்லது. அன்று நான் சொன்னது பிழை. என்னை மன்னித்துக்கொள். சங்கத்துக்கு எழுதினால் என் முகவரியைத் தருவார்கள்.

டீச்சர், உங்களை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்களிடம் ஆனா எழுதப் படித்த நாங்கள் எல்லோரும் அதற்குப் பதிலாக எழுந்து நிற்கிறோம்.